யூரோவுக்கு வேலி போட்டவர்

நாளைக்கு என்ன ஆகுமோ என்று வேலூர் ஜில்லா முழுக்கப் படவேண்டிய பயத்தை, ஆம்பூரில் ஒரே ஒரு மனிதர் தனியாளாகப் பட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லாரும் ராத்திரி நிம்மதியாகத் தூங்கியதற்கு அதுதான் காரணம். எங்கள் பங்குப் பயத்தையும் அவரே பட்டு முடித்துவிடுவார்.

அவரை வேலி சார் என்போம். சொந்தப் பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை கிடையாது. ஜெர்மனிக்கு ஷூ தைத்து அனுப்பும் ஒரு கம்பெனியில் அவர் ஃபைனான்ஸ் மேனேஜர். பி.காம் முடித்த கையோடு நான் அங்கே அக்கவுன்ட்ஸில் அவருக்கு அசிஸ்டென்டாகச் சேர்ந்தேன்.

அந்தப் பெயர் வந்தது கேன்டீனில். மாதக் கடைசியில் ஒருநாள் சூப்பர்வைசர்களை எல்லாம் உட்காரவைத்து அவர் ஒரு வகுப்பு எடுத்தார்.

"இன்னிக்கு நாம ஷூ அனுப்பறோம். ஜெர்மனிக்காரன் மூணு மாசம் கழிச்சு யூரோவுலதான் காசு தருவான். அதுக்குள்ள யூரோ விலை இறங்கிடுச்சுன்னா? நம்ம லாபம் போச்சு. அதனால, 'மூணு மாசம் கழிச்சு இத்தனை யூரோவை இன்ன விலைக்கு உனக்குத் தர்றேன்'னு பேங்க்கிட்ட இன்னிக்கே பேசி முடிச்சிடணும். இதுக்குப் பேர்தான் ஹெட்ஜிங். ஹெட்ஜ்னா வேலி. பயிருக்கு வேலி போடறோம்ல? அதே மாதிரி பணத்துக்கு வேலி."

கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர் கை தூக்கினார். "யூரோ விலை ஏறிட்டா சார்?"

"ஏறினாலும் பேசின விலைதான்."

"ஏறினா நமக்கு ஒண்ணும் கிடையாதா?"

"கிடையாது."

"இது இன்னா சார் வியாபாரம், ஒரே பேஜாரா கீது!"

மறுநாள் காலையில் டீ கொண்டுவந்த ஆள், "வேலி சார், சக்கரை ஜாஸ்தியா கம்மியா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அப்பா அம்மா வைத்த பெயர் அன்றோடு ஓய்வு பெற்றது.

கம்பெனிப் பணத்துக்கு மட்டும் வேலி போட்டிருந்தால் அவரைப் பற்றி நான் எழுதவே மாட்டேன். மனிதர் கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் போட்டார். வேலூர் வெயிலை உங்களுக்குத் தெரியும். அக்னி நட்சத்திரத்தில் தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்ளும். அந்த மே மாதத்திலும் அவர் பையில் ஒரு குடையும், குடை உடைந்தால் போட்டுக்கொள்ள ஒரு ரெயின்கோட்டும் இருக்கும். கல்யாண வீட்டுக்குக் கிளம்பினால், பிரியாணி தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வருவார். ஆம்பூர் கல்யாணத்தில் பிரியாணி தீர்ந்ததாகச் சரித்திரம் கிடையாது. அதனால் அங்கேயும் ஒருமுறை சாப்பிடுவார். மறுநாள் லீவு.

கிரிக்கெட் என்றால் எங்கள் ஃபேக்டரியில் டீ பந்தயம் நடக்கும். இவர் கட்டிங் செக்‌ஷனிடம் போய், "இந்தியா ஜெயிக்கும், ஒரு டீ" என்பார். அங்கிருந்து நேரே ஃபினிஷிங் செக்‌ஷனுக்குப் போய், "இந்தியா தோக்கும், ஒரு டீ" என்பார். மேட்ச் முடிந்ததும் ஒரு இடத்தில் டீ வாங்கி இன்னொரு இடத்தில் கொடுத்துவிட்டு வருவார்.

"இதுல உங்களுக்கு இன்னா சார் கெடைக்குது?" என்று கேட்டேன்.

"மேட்ச்சை டென்ஷன் இல்லாமப் பாக்கலாம்மா."

"அதுக்குப் பந்தயமே கட்டாம இருக்கலாமே?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஹெட்ஜிங் புரியாத ஜென்மம் என்று நினைத்திருப்பார்.

ஒரு வருஷம் ஆபீசிலிருந்து அமிர்தி வனப் பூங்காவுக்கு டூர் போனோம். ஏற்பாடு அவர் பொறுப்பு. கிளம்பும்போது எங்கள் வேனுக்குப் பின்னால் ஒரு தண்ணீர் லாரியும் வந்தது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அமிர்தி கேட்டில் வாட்ச்மேன் லாரியை மடக்கினார்.

"இன்னா சார், மானுக்கெல்லாம் தண்ணியா?"

"இல்லப்பா. அருவில தண்ணி இல்லன்னா?"

வாட்ச்மேனுக்குச் சிரித்துச் சிரித்து மூச்சே நின்றுவிடும் போலிருந்தது. நாங்களும் சிரித்தோம். அரை மணி நேரம் காட்டுக்குள் நடந்து அருவிக்குப் போய்ப் பார்த்தால், பாறை காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. திரும்பி வந்து அத்தனை பேரும் லாரியின் ஹோஸ் பைப்புக்குக் கீழே வரிசையாக நின்று குளித்தோம். நீர்வீழ்ச்சிக்கே ஹெட்ஜ் போட்டவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பாலாற்றையே அவர் வெட்டிக் கொண்டுவந்த மாதிரி இருந்தது.

அவர் மனைவியும் அன்று வந்திருந்தார். சத்துவாச்சாரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "என்னைப் பொண்ணு பாத்து, புடிச்சிருக்குன்னு சொல்லிட்டு, அப்படியே ஆற்காட்டுல இன்னொரு வீட்டுக்கும் போய் பஜ்ஜி சாப்ட்டுட்டுத்தான் போனார். கேட்டா, நீ வேணாம்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னாரு."

வேலி சார் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "அது வெறும் ஸ்டாண்ட்பைம்மா" என்றார்.

எங்கள் முதலாளியை ஹாஜியார் என்போம். தோலைத் தொட்டுப் பார்த்தே அது எந்த ஊர் ஆடு என்று சொல்லிவிடுவார். கணக்கு என்றால் அவருக்குத் தலைவலி வரும். வருஷ முடிவில் வேலி சார் பேலன்ஸ் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு அவர் ரூமுக்குள் போனால், நானும் ஃபைலோடு பின்னால் போவேன். கடமைக்காக இல்லை, வேடிக்கை பார்க்க.

"இது இன்னா நஷ்டம், மேனேஜர்?"

"பேங்க்கோட பேசி வச்ச ஃபார்வர்டு கான்ட்ராக்ட்ல சாப். நாம பேசின விலையை விட யூரோ கொஞ்சம் ஏறிடுச்சு."

"பணம் போச்சா?"

"இன்னும் போகல."

"போகுமா?"

"தெரியாது. இன்னிய தேதிக்கு முடிச்சா எவ்ளோ போகுமோ அதை எழுதணும். ரூல் அப்படி."

ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றினார். "நான் இன்னும் சாகல. இன்னிய தேதிக்குச் செத்திருந்தா எத்தனை பேர் வந்திருப்பாங்கன்னு அதையும் எழுதி வச்சிருக்கீங்களா?"

"அதுக்கு மார்க்கெட் ரேட் கிடைக்காது சாப்" என்றார் வேலி சார், ரொம்ப சீரியஸாக.

பிறகு விளக்கினார். ஷூ ஆர்டர் கையில் இருக்கிறவரைக்கும் இந்த நஷ்டம் லாபக் கணக்குக்குள் வராது. ரிசர்வ் என்று ஒரு தனிக் கணக்கில் ஓரமாக உட்கார்ந்திருக்கும். ஷூ போய் பில் போடும்போது, யூரோ ஏறியதால் அதில் கூடுதலாக வருகிற ரூபாயும் இந்த நஷ்டமும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும். ஹாஜியார் தலையை ஆட்டினார். புரிந்ததால் அல்ல. தொழுகைக்கு நேரமாகிவிட்டது.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. யூரோ இறங்கி வேலி காப்பாற்றினால், அது முதலாளியின் ராசி. யூரோ ஏறிப் பேசின விலையில் மாட்டிக்கொண்டால், அது மேனேஜரின் முட்டாள்தனம். இந்தச் சட்டத்தை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனாலும் ஒருமுறைகூட அது தவறியதில்லை.

வழக்கமாக வரப்போகிற யூரோவில் பாதிக்குத்தான் வேலி சார் வேலி போடுவார். ஒரு சீசனில் யூரோ படுவேகமாக இறங்கியது. வேலி போட்ட பாதி தப்பித்தது. போடாத பாதி அடிவாங்கியது. ஹாஜியார் போட்ட சத்தம் கட்டிங் செக்‌ஷன் மெஷின் ஓசையையும் மீறிக் கேட்டது. "பாதி வேலி போட்டா மாடு இந்தப் பக்கம் வராதா? முழுசா போட வேண்டியதுதானே! எதுக்கு இருக்கீங்க?"

அடுத்த சீசனில் ஜெர்மனிக்காரனிடமிருந்து பெரிய ஆர்டர் வந்தது. குளிர்காலத்துக்கான பூட்ஸ். வேலி சார் இந்த முறை முழுசாகப் போட்டார். உறுதியான ஆர்டருக்கு மட்டுமில்லை, 'இன்னும் தருவோம்' என்று ஜெர்மனிக்காரன் வாயால் சொன்னதற்கும் சேர்த்துப் போட்டார். வாழ்க்கையிலேயே முதன்முறையாக ஓட்டையில்லாத வேலி. இரண்டு மாதம் பையில் ரெயின்கோட்கூட இல்லாமல் நடமாடினார். அப்போதே எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஒருநாள் காலையில் ஜெர்மனியிலிருந்து மெயில் வந்தது. போன வருஷச் சரக்கே கடைகளில் தேங்கிக் கிடக்கிறதாம். ஆர்டரில் பெரும்பகுதி ரத்து. வருந்துகிறார்களாம்.

அதன் அர்த்தம் என்னவென்றால், இத்தனை யூரோ தருகிறோம் என்று பேங்க்கிடம் பேசியாயிற்று, அந்த யூரோ இனி வரப்போவதில்லை. பேசின பேச்சு மட்டும் அப்படியே நிற்கிறது. வெளியே அன்றைய விலைக்கு யூரோ வாங்கி, பேசின விலைக்கு பேங்க்கிடம் கொடுக்க வேண்டும். சரியாக அந்த வாரம் பார்த்து யூரோ ஏற ஆரம்பித்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை என்று தினமும் சொல்கிறோமே, அதை நான் ஒரு கம்ப்யூட்டர் திரையில் பார்த்தேன். நிமிஷத்துக்கு நிமிஷம் மேய்ந்தது.

மாதம் தவறாமல் கேக் பெட்டியோடு வருகிற பேங்க்காரர் போனை எடுக்கவில்லை. ஒருவழியாக எடுத்தபோது கேக்கை விட இனிப்பாகப் பேசினார்.

"கவலையே படாதீங்க சார். நஷ்டத்தை இப்ப காட்டவே வேணாம். ஆப்ஷன்னு புதுசா ஒரு கான்ட்ராக்ட் போட்டு அதுக்குள்ள இதை மடிச்சு வச்சிடலாம். ஜீரோ காஸ்ட்!"

"யாருக்கு ஜீரோ?" என்று கேட்டார் வேலி சார்.

கேட்டுக் கேட்டு விஷயத்தை வெளியே எடுத்தார். யூரோ இறங்கினால் கம்பெனிக்கு ஏதோ கொஞ்சம் கிடைக்கும். ஏறினால் கம்பெனி இரண்டு மடங்கு தரவேண்டும். ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொள்வதற்குக் கட்டணம் இல்லை என்பதைத்தான் பேங்க்காரர் ஜீரோ காஸ்ட் என்றிருக்கிறார்.

ஹாஜியாரின் மகன் வெளிநாட்டில் எம்.பி.ஏ. படித்தவர். சின்னவர் என்போம். அவருக்கு அந்த ஆப்ஷன் ரொம்பப் பிடித்துப்போயிற்று. புதுக் கார் ஒன்றுக்கு அப்போதுதான் புக் செய்திருந்தார். நஷ்டம் அடுத்த வருஷத்துக்குப் போய்விட்டால் கார் இந்த வருஷமே வந்துவிடும்.

இதற்கு நடுவில் சென்னையிலிருந்து ஆடிட்டர் அம்மா வந்தார். மெல்லிய குரல், சிரிக்காத முகம். ஃபைலை மூடிவிட்டு ஹாஜியாரிடம் சொன்னார்: "கான்ட்ராக்ட் இருக்கு, ஆர்டர் இல்ல. இனிமே இது ஹெட்ஜ் கிடையாது. நஷ்டத்தை ஓரமா உட்கார வைக்க முடியாது, நேரா லாப நஷ்டக் கணக்குக்கு வந்துடும். இப்ப இது ஸ்பெகுலேஷன்."

ஹாஜியார் மகனைப் பார்த்தார். "அப்படின்னா?"

"கேம்ப்ளிங், டாடி. சூதாட்டம்."

ஹாஜியார் லாட்டரிச் சீட்டைக் கையால் தொட்டதில்லை. கல்யாண வீட்டில் நாலு பேர் சீட்டாடினால் எழுந்து போய்விடுவார். அவர் கம்பெனியில், அவர் பெயரில், அவருக்குத் தெரியாமல் சூது நடந்திருக்கிறது. அதை நடத்தியவர் யார் என்று பார்த்தால், கிரிக்கெட்டில் ஒரு டீயைக்கூட இழக்கத் துணியாத மனிதர்.

ஃபேக்டரி முழுக்க அன்று சிரிப்பாய்ச் சிரித்தது. "வேலி சார், சீட்டுக்கட்டு இருக்கா?" என்று ஃபினிஷிங்கிலிருந்து ஒருத்தன் கத்தினான். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பும் நின்றுவிட்டது, ஏனென்றால் போனஸ் கிடைக்காது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள்.

மத்தியானம் வேலி சார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஹாஜியார் ரூமுக்குப் போனார். நான் ஃபைலோடு பின்னால். இந்தத் தடவை வேடிக்கை பார்க்க இல்லை. சின்னவர் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

"கான்ட்ராக்ட்டை இன்னிக்கே முடிச்சிடணும் சாப். நஷ்டத்தைக் கட்டிடணும்" என்றார் வேலி சார்.

"நாளைக்கு யூரோ இறங்கிட்டா?" என்றார் ஹாஜியார்.

"இறங்கலாம்."

"ஏறிட்டா?"

"ஏறலாம்."

"உங்களுக்கு இன்னா தோணுது?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது சாப். தெரியாததுனாலதான் முடிச்சிடலாம்னு சொல்றேன். ஆர்டர் இல்லாத கான்ட்ராக்ட்டைக் கையில வச்சுகிட்டு, விலை இறங்கட்டும் இறங்கட்டும்னு உக்காந்திருந்தா, அந்தம்மா சொன்ன வார்த்தை நெஜமாவே ஆயிடும். வாயால சொன்ன ஆர்டரை நம்பிப் போட்டது என் தப்பு. அதுக்கு நீங்க இன்னா செஞ்சாலும் சரி."

சின்னவர் நடுவே புகுந்தார். "டாடி, அந்த ஆப்ஷன் போட்டா..."

ஹாஜியார் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். மேஜைமேல் கிடந்த ஒரு தோல் துண்டை எடுத்துத் தடவினார்.

"போன சீசன்ல, முழுசா போடுன்னு கத்தினது யாரு, மேனேஜர்?"

வேலி சார் தரையைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

"நான்தான் கத்தினேன். ஒத்துக்கறேன். நான் கத்தினா நீங்க கேட்டுடறதா? நான் கத்தறதைக் கேக்காம இருக்கறதுக்குத்தானே உங்களுக்குச் சம்பளம்!"

"சரி சாப்" என்றார் வேலி சார்.

"முடிங்க. இன்னிக்கே முடிங்க. அந்தக் கருமம் ராத்திரி வரைக்கும் என் கம்பெனில இருக்கக் கூடாது." பிறகு மகன் பக்கம் திரும்பினார். "காரை கேன்சல் பண்ணு."

நஷ்டம் கட்டியாயிற்று. தொழிலாளிகளுக்கு போனஸ் வந்தது. சின்னவருக்குக் கார் வரவில்லை. வேலி சாரை யாரும் வேலையை விட்டுத் தூக்கவில்லை, ஆனால் இனி யூரோ விஷயத்தில் சின்னவர் கையெழுத்தும் வேண்டும் என்று ஆகிவிட்டது. தலை நரைத்த மனிதர் ஒரு கையெழுத்துக்காகச் சின்னவர் ரூம் வாசலில் நிற்பார். சின்னவர் போனில் பேசிக்கொண்டே இருப்பார். போனில் எதிர்முனையில் யாரும் இல்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

யூரோ ஒரு விவஸ்தை கெட்ட சாமான். சில மாதம் கழித்து, யாரும் கேட்காமலே, அது பழைய விலைக்கு இறங்கி வந்தது. அன்று முடிக்காமல் விட்டிருந்தால் நஷ்டமே இல்லை. பேங்க்காரர் சொன்னதைப் போட்டிருந்தால் கொஞ்சம் லாபம்கூட வந்திருக்கும். சின்னவர் அந்த விலையை ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். கூடவே கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மைகள். பாதி ஆபீஸ் அதற்குக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியது. அமிர்தியில் லாரித் தண்ணீரில் குளித்தவர்களும் காட்டினார்கள்.

சாயங்காலம் ரயிலில் அவர் எனக்கு எதிர் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் இறங்குவது குடியாத்தம், அவர் காட்பாடி வரை. வழக்கமாக மேல்பட்டி வருவதற்குள் ரூபாய், டாலர், யென் எல்லாவற்றின் ஜாதகத்தையும் சொல்லி முடித்திருப்பார். அன்று வாயே திறக்கவில்லை.

"வருத்தமா சார்?"

"யூரோவுக்கு நம்மளைத் தெரியவே தெரியாதும்மா. அதுபாட்டுக்கு ஏறுது, அதுபாட்டுக்கு இறங்குது. அதுகிட்ட போய் என்ன வருத்தப்படறது?" கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். "அந்தச் சிரிக்கிற பொம்மை ஒண்ணு போட்டிருந்தா பரவால்ல. ஒரு வரிசையே போட்டிருக்கான்."

எனக்கு ரொம்ப நாளாக ஒரு கேள்வி இருந்தது. அன்றைக்குக் கேட்டேன்.

"ஹாஜியார் ரூமுக்குப் போனீங்களே சார், அதுக்கு முன்னாடி வேற கம்பெனில வேலை பேசி வச்சிருந்தீங்கதானே? ஃபேக்டரியே சொல்லுது. வாணியம்பாடின்னு ஒரு கட்சி, ராணிப்பேட்டைன்னு ஒரு கட்சி."

அன்று முதல்முறையாகச் சிரித்தார். "எங்கயும் பேசலம்மா."

"நீங்களா?"

"தோணல. இத்தனை வருஷம் அவர் உப்பைத் தின்னுருக்கேன். தப்புப் பண்ணிட்டேன் சாப்னு அவர் முன்னாடி போய் நிக்கணும். வேற இடத்துல துண்டு போட்டு வச்சுட்டுப் போய் அதைச் சொன்னா, அது சொன்ன மாதிரியா?"

"பயமா இல்லயா சார்?"

"பயந்து செத்தேன்" என்றார். பையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டார். ரயிலின் ஆட்டத்துக்கு அந்தத் தலை லேசாக இடித்துக்கொண்டே வந்தது. அவர் கவனிக்கவில்லை.

குடியாத்தத்தில் ரயில் நின்றது. கூட்டம் இறங்கியது. நான் உட்கார்ந்தே இருந்தேன்.

"உன் ஸ்டேஷன்மா."

"தெரியும் சார். காட்பாடில கொஞ்சம் வேலை இருக்கு."

"அப்படியா? நல்லதாப் போச்சு" என்றார். நிமிர்ந்து உட்கார்ந்தார். ரயில் கிளம்பியதும் அவராகவே பேச ஆரம்பித்தார். மனைவியின் பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் பரீட்சைப் பேப்பரில் விடை தெரியாமல் டீச்சரையே வரைந்து வைத்த கதை. லத்தேரி தாண்டியும் கதை முடியவில்லை.

எனக்குக் காட்பாடியில் ஒரு வேலையும் இல்லை. டிக்கெட்டும் இல்லை.